தேய்க்கிற வேலை

கம்பெனி கரண்டில் வீட்டுத் துணியைத் தேய்த்தவள் என்று எனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அதியமான்கோட்டை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்கிறது. "ஆக்சிலியா வர்றா, கசங்குன துணி எதாச்சும் இருந்தா எடுத்துக் குடுங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். திரும்பி ஒரு முறை முறைத்தேன். வாயை மூடிக்கொண்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஆண்டோ, "விட்டுத் தொல, நாலு நாளைக்கிப் பேசுவாங்க, அப்பறம் மறந்துருவாங்க" என்கிறார். அவர் விடலாம். என்னால் விட முடியாது.

கம்பெனிக்குள் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோய் சொருகியது நான்தான். அதன் அடியில் ஈரத் துணி இருந்ததும் உண்மை. இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் எதற்கு என்று இதுவரை ஒரு ஆள் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்கிற கோகிலவாணிக்கு மூச்சு வேண்டும் என்பதற்காகத்தான் அது.

எங்கள் கம்பெனி ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஃபைபர் பலகை வெட்டும் இடம். கண்ணாடி நாரையும் கார்பன் நாரையும் பிசின் ஊற்றி இறுக்கிச் செய்த பலகைகள் லாரியில் வந்து இறங்கும். ரூட்டர் மெஷின்களில் ஏற்றி வரைபடத்தில் இருக்கிறபடி வெட்டுவார்கள். மெஷின் ஓட்டுவது ஆண்கள். வெட்டி வரும் துண்டுகளின் ஓரம் அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதை உப்புத்தாளைச் சுற்றிய கட்டையால் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்குவது எங்கள் வேலை. பெண்கள் நாலைந்து பேர் ஒரே மேசையைச் சுற்றி நின்று தேய்ப்போம். கரண்ட் பஸ்ஸுக்குள் பொருத்தும் பலகை, ட்ரோனுக்கு மாட்டும் கை, எதுவானாலும் எங்கள் கை பட்ட பிறகுதான் ஓசூருக்குப் போகும்.

தேய்த்தால் தூள் பறக்கும். கண்ணாடிப் பலகை என்றால் வெள்ளை, கார்பன் என்றால் கறுப்பு. அதை உறிஞ்சுவதற்குச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி. அதிலிருந்து கூரையை ஒட்டித் தகரக் குழாய் ஓடும். அந்தக் குழாயிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிளை இறங்கும். எங்கள் மேசைக்கும் ஒரு கிளை உண்டு. மேசைப் பலகை முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. காற்று மேலிருந்து கீழே இழுக்கும். கர்ச்சீப்பை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் தூள் முகத்துக்கு வராமல் கீழே போய்விடும். நாங்களும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிவிட்டோம்.

அந்தக் காற்றாடிதான் எங்கள் முதலாளி குப்புராஜின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காலையில் போட்ட வேகத்திலேயே சாயங்காலம் வரை ஓடும். கரண்ட் பில் வந்த அன்றைக்கு அவர் முன்னால் போய் நிற்க முடியாது. அதனால் கோயமுத்தூரில் இருந்து ஒரு கம்பெனியை வரவழைத்துப் புது ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு கிளைக் குழாயிலும் ஒரு தானியங்கிக் கதவு. மெஷின் ஓட ஆரம்பித்தால் அதன் கதவு திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். எத்தனை கதவு திறந்திருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி காற்றாடி தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வந்து மாட்டிக் கொடுத்தது பாரதி என்கிற இன்ஜினியர் பெண். எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்து நன்றாகவே விளக்கினாள். காற்றாடியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கரண்ட் ஏகத்துக்கும் குறையுமாம். மெஷின்களில் வெட்டும் கத்தியைச் சுற்றிப் பிரஷ் மாதிரி ஒரு பாவாடையைக் கட்டி, உறிஞ்சும் வாயை அதற்குள்ளேயே கொண்டுபோய் வைத்தாள். தூசி கிளம்பும் இடத்திலேயே வாயை வைத்துவிட்டால் கொஞ்சம் காற்று போதும், ஊரையே உறிஞ்ச வேண்டியதில்லை என்றாள்.

இதில் ஒரு தப்பும் இல்லை. கரண்டை மிச்சப்படுத்துகிறவர்கள் மேல் எனக்கென்ன கோபம்? ஆண்கள் பக்கம் தரை பளிச்சென்று ஆகிவிட்டது. சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அப்படி. காற்றாடிச் சத்தமும் பாதியாக இறங்கிவிட்டது. முதல் நாள் நானே கைதட்டினேன்.

எங்கள் மேசையில் மட்டும் காற்று வரவில்லை.

முதலில் குறைவாக வருகிறது என்றுதான் நினைத்தோம். பிறகு கர்ச்சீப்பை வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டால் செத்த காற்று. தேய்க்கத் தேய்க்கத் தூள் மேசை மேலேயே கிடந்தது, கையை அசைத்தால் எழுந்து முகத்துக்கு வந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்துக்குப் புருவம், கண் இமை, கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை. நீல மாஸ்க் கொடுத்தார்கள். அது அரை நாளில் அடைத்துக்கொண்டு மூச்சை முட்டும். உடம்பெல்லாம் ஒரே சொணை.

சொணை என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். சோளத்தட்டு அறுத்தால், கரும்புத் தோகை உரித்தால் உடம்பில் ஏறுமே, அந்த அரிப்பு. எங்கள் பக்கத்தில் அது ஏறாத உடம்பு கிடையாது. வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு குளியல் போட்டால் போய்விடும். அந்த ஞாபகத்தில் இதையும் அப்படியே சொல்லிவிட்டோம். சோளச் சொணை தழையில் வருவது, தண்ணீர் பட்டால் போகும். இது கண்ணாடியில் வருவது. உள்ளே போனால் எந்தத் தண்ணீரில் கழுவுவது?

எங்கள் சூப்பர்வைசர் மாதேஸ்வரன் மாரண்டஹள்ளிக்காரர். சொந்தமாகக் காடு வைத்திருக்கிறார். கெட்ட மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவரிடம் போய்ச் சொன்னபோது நடந்தது இதுதான்.

"அண்ணா, மேசையில காத்தே இல்லீங்க. சொணை தாங்க முடியல."

"அட, நம்மூருல சொணை தெரியாதவங்க யாரு ஆக்சிலியா? நானுந்தான் போன வாரம் கரும்புக் காட்டுல நின்னேன். ராத்திரியெல்லாம் சொறிஞ்சிகிட்டுக் கெடந்தேன். செத்தா போயிட்டேன்?"

"கரும்பு தினமுமா வெட்டறீங்க? நாங்க தினமும் தேய்க்கறமுங்க."

"பாக்கலாம், பாக்கலாம். புதுசா மாட்டுன பேனல்ல பச்ச லைட்டு எரியுதில்ல? எல்லாம் சரியாத்தான் இருக்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் வெல்லமும் வாங்கிவந்து மேசை மேல் வைத்தார். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடுமாம். நிஜமாகவே நம்பித்தான் வைத்தார். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போடலாம். பாசத்தோடு வெல்லத்தை நீட்டுகிறவரை என்ன செய்வது? ரூட்டர் மெஷினின் கன்ட்ரோல் பெட்டிக்குள் கார்பன் தூசி போனால் ஷார்ட் ஆகிவிடும் என்று அதைச் சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். பெட்டிக்கு ரப்பர், எங்களுக்கு வெல்லம்.

கோகிலவாணி மேசையில் எனக்கு எதிரே நிற்பவள். கடத்தூரில் இருந்து வருகிறாள். சதா வாய் மூடாதவள். நேற்றுக் கண்ட கனவிலிருந்து மாமியார் வைத்த குழம்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லுவாள். காற்றாடி இரைச்சலையும் தாண்டி அவள் குரல் எனக்குக் கேட்கும். மேசையில் காற்று நின்ற அடுத்த மாசம் அவளுக்கு முதலில் வறட்டு இருமல் வந்தது. பிறகு பேச்சு பாதியில் நின்றது. ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பஸ் ஸ்டாப்பில் இருந்து கம்பெனி கேட் வரைக்கும் நடக்கிறதுக்குள் ஒரு இடத்தில் நின்று, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். செருப்பு நன்றாகத்தான் இருந்தது.

டி.பி.யாக இருக்கும், டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லு என்று முதலாளி சொல்லியனுப்பினார். அவள் புருஷனோடு டவுனில் ஒரு டாக்டரிடம் போனாள். சளி எடுத்துப் பார்த்தார்கள். டி.பி. இல்லை. மறுநாள் மேசையில் நின்று அவளே சந்தோஷமாகச் சொன்னாள்.

"டாக்டரு நல்லாத்தான் வெசாரிச்சாருடி. என்னம்மா வேலை செய்யறீங்கன்னாரு. தேய்க்கற வேலைங்கன்னேன். எந்நேரமுமான்னாரு. காலையில இருந்து பொழுது சாயற வரைக்குமுங்கன்னேன். பவுடரா போடறீங்கன்னாரு. ஆமாங்க, வெள்ளப் பவுடரு, மூக்குல ஏறுது, கையெல்லாம் அரிக்குதுன்னேன். அப்டியா, அந்தப் பவுடரே ஆவாது உங்களுக்கு, சோப்புக் கட்டி வாங்கிக்கோங்கன்னாரு."

"சோப்பா?"

"ஆமா. சோப்ப மாத்தச் சொன்னாரு. மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு."

குளிக்கிற சோப்பைத்தான் சொல்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சொணை போக நல்ல சோப்புப் போட்டுக் குளி என்று சொல்லியிருப்பார் என்றே நானும் நினைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தச் சோப்பு அவள் கழுத்தைப் பிடிக்க வந்தது.

காற்று ஏன் வரவில்லை என்பது தற்செயலாகத் தெரிந்தது. மெஷின் ஓட்டும் பச்சியப்பன் ஒரு துண்டின் மூலையைச் சீவ வேண்டும் என்று கைக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தான். மேசைக் காலில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. அவன் அதில் சொருகிக் கிரைண்டரைப் போட்டான். தலைக்கு மேல் குழாயில் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மேசையில் இருந்த தூள் எல்லாம் சரசரவென்று ஓட்டைக்குள் இறங்கியது. உப்புத்தாள் போய் ஒட்டிக்கொண்டது. கோகிலவாணி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மேசைக்கு மேலே முகத்தை நீட்டி, கண்ணை மூடி நின்றாள். கிரைண்டர் நின்ற கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டப்'. காற்றும் நின்றது.

எங்களுக்கு விளங்கிவிட்டது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அந்தக் கதவு கரண்டைத்தான் பார்க்கிறது. பிளக்கில் ஏதாவது கரண்ட் இழுத்தால் அங்கே வேலை நடக்கிறது என்று நினைத்துத் திறக்கிறது. நாங்கள் கையால் தேய்க்கிறோம். கை கரண்ட் இழுக்காது. ஆகவே அந்தக் கணக்கில் எங்கள் மேசையில் யாருமே இல்லை. காலையில் பஸ் பிடித்து வந்து, நாள் முழுக்க நின்று, தோள்பட்டை தெறிக்கத் தேய்த்துவிட்டுப் போகிற இத்தனை பேரும் இல்லை. பச்சை லைட்டு எரிந்துகொண்டே இருந்தது.

மாதேஸ்வரனிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். "கதவுல கைய வெச்சா வாரண்டி போயிரும். முதலாளிகிட்ட சொல்லறேன்" என்றார். சொன்னார். முதலாளியின் பதில் சாயங்காலமே வந்தது. மின்சிக்கனத்துக்குப் பரிசு கொடுக்கிற ஒரு சங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்களாம். அதுவரைக்கும் காற்றாடி இழுக்கிற கரண்ட் ஏறக்கூடாது, எதையும் தொட வேண்டாம் என்றாராம்.

"அது வரைக்கும் கோகிலா மூச்சு விடாம இருக்கோணுமாங்க?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் கத்தற? நான் என்ன முதலாளியா?" என்றார் மாதேஸ்வரன்.

மறுநாள் என் பையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

மேசைக்கு அடியில் ஒரு கடப்பைக் கல் துண்டைப் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்துச் சொருகினேன். 'டப்'. காற்று வந்தது. ஆனால் பெட்டி சூடேறியதும் தானாகக் கட் ஆகுமே, அப்போது காற்றும் நின்றுவிட்டது. சூடு இறங்கி அது மறுபடி கரண்ட் இழுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். கோகிலவாணிதான் வழி சொன்னாள். துணியை நனைத்து நாலாக மடித்து அதன் மேல் பெட்டியை வைத்தால் சூடேறாது, கட் ஆகாது. அப்படியே செய்தோம். துணி காயக் காய ஒருத்தி குனிந்து தண்ணீர் தெளிப்பாள். ஆபத்தான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். கரண்டை மிச்சம் பிடிக்க வைத்த சாமானை ஏமாற்ற ஒரு இஸ்திரிப் பெட்டி நாள் முழுக்க வெட்டியாகக் கரண்ட் தின்றது. இதைவிடக் கூத்து உலகத்தில் உண்டா? ஆனால் அந்தக் கொஞ்ச நாளும் எங்கள் மேசையில் தூசி இல்லை. கோகிலவாணி மாமியார் குழம்பைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தாமல் பேசினாள்.

முதலாளியின் செல்போனில் எந்த லைனில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று கோடு கோடாகத் தெரியும். மேசை லைன் திடீரென்று ஏறியதைப் பார்த்துவிட்டார். மாதேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். குனிந்து பார்த்தார். பெட்டி, அடியில் மடித்த துணி, பக்கத்தில் தண்ணீர் தெளிக்கும் சொம்பு.

"இதென்ன கம்பெனியா, இஸ்திரிக் கடையா?"

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முன்னே பின்னே வந்து விழும். "தேய்க்கறதுக்குத்தாங்க வெச்சோம்!" என்று கத்திவிட்டேன்.

மெஷின் பக்கம் இருந்து சிரிப்புக் கிளம்பியது. பலகை தேய்ப்பதற்கு என்று சொல்ல வந்தேன். அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டேன், பாவி. அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. கோகிலவாணி எனக்காகப் பேச முன்னே வந்தாள். "அப்டி இல்லீங்க, கதவு தெறக்கறதுக்கு..." என்று ஆரம்பித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முகம் கறுத்துப்போனது.

"உனக்குத்தான் டாக்டரு சொல்லிட்டாரில்லம்மா" என்றார் முதலாளி. "மாதேஸ்வரா, அந்தச் சீட்ட படி."

அவள் லீவுக்காகக் கொடுத்திருந்த டாக்டர் சீட்டை மாதேஸ்வரன் பாக்கெட்டில் இருந்து எடுத்தார். இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார்.

"பாத்திரம் தேய்க்கிற பவுடரு ஒத்துக்கலைன்னு போட்டிருக்குதுங்க. பாத்திரம் தேய்க்கறத விடச் சொல்லியிருக்காரு."

 அந்தச் சோப்பு என்ன சோப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்குத் தேய்க்கிறது என்றால் பலகை. டாக்டருக்குத் தேய்க்கிறது என்றால் பாத்திரம். ஏழைப்பட்ட பொம்பளை வந்து நின்று தேய்க்கிற வேலை என்றால் அவர் வேறு எதை நினைப்பார்? வெள்ளைப் பவுடர் என்றால் வேறு எதை நினைப்பார்? அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஆனாலும் அது சபீனாப் பவுடராகவும் சோப்பாகவும் மாறி வந்து எங்கள் முன்னால் நின்றது.

"பாத்துக்க. உன் வூட்டுப் பவுடரு உனக்கு ஒத்துக்கல. எங்க கம்பெனித் தூசி இல்ல" என்றார் முதலாளி. "ஒடம்பு சரியாவற வரைக்கும் வர வேண்டாம். ஆக்சிலியா, நீயும் வூட்டுல இரு. பெட்டிய எடுத்துகிட்டுப் போ, நல்லா தேய்."

மறுபடி சிரிப்பு. அதில் பச்சியப்பன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பெட்டி அவன் மேல்தான் பறந்திருக்கும்.

வீட்டில் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாரதிக்குப் போன் போட்டேன். அவள் நம்பரைப் பயிற்சி கொடுத்த அன்றே வாங்கி வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பாயிண்ட்ல தேய்க்கற சேண்டிங் மெஷின்தானேக்கா இருக்கு? மெஷின ஆன் பண்ணினா கதவு தொறக்கணுமே."

"என்னம்மா மெஷின்? எங்க கையிதான் மெஷின்."

அந்தப் பக்கம் அவள் தாளைப் புரட்டுவது கேட்டது.

"அக்கா, நான் மாட்ட வந்த அன்னைக்கு உங்களுக்கெல்லாம் லீவு. மேசைய மூடி வெச்சிருந்தாங்க. இங்க என்னன்னு கேட்டேன். தேய்க்கிற பாயிண்ட்டுன்னு மாதேஸ்வரன் சார் சொன்னாரு. நான் சேண்டிங் மெஷின்னு எழுதிட்டேன். எதுல தேய்க்கறாங்கன்னு கேக்கல."

"ட்ரெயினிங் குடுத்த அன்னைக்கு எங்களப் பாத்தியே?"

"பாத்தேன்க்கா" என்றாள். எனக்குக் கோபம் பொங்கியது. நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே வந்தாள். மேசைக்கு அடியில் காலால் மிதிக்கிற சுவிட்ச் ஒன்றை வைத்தாள். மிதித்தால் கதவு திறக்கும். டீ குடித்த கிளாஸைக் கழுவி வைக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாம். அந்தக் கொஞ்ச நேர வேலையைச் செய்யாமல்தான் இத்தனை மாசமாக ஒருத்தி நெஞ்சுக்குள் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். பரிசு கொடுக்கிறவர்கள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பரிசும் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் முதலாளி என்னைத் திரும்ப வரச் சொன்னார்.

போனேன். போய் நேராக அவர் ரூமில் நின்றேன்.

"கோகிலா எப்பங்க வர்றது? வைத்தியம் யாரு பாக்கறது?"

"காத்துதான் வந்துருச்சில்ல? அப்புறம் என்ன ஆக்சிலியா? அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடற? அந்தம்மாவுக்குப் பவுடரு ஒத்துக்கல. டாக்டரே எழுதியிருக்காரு."

அந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அவர் முகத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. திட்டி என்ன ஆகப் போகிறது? வெளியே வந்தேன். கழிவுத் தொட்டியில் இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகைத் துண்டை எடுத்தேன். உப்புத்தாள் கட்டையையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கேட்டில் நின்ற மாதேஸ்வரன் பார்த்தார். வழியை விட்டுத் தள்ளி நின்றார்.

கடத்தூருக்குப் போய்க் கோகிலவாணியைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டாள். பேசவில்லை. அவள் பேசாமல் வருகிற பஸ்ஸில் நான் இதுவரை போனதில்லை. டவுனில் அந்த டாக்டரிடம் கூட்டம். எங்கள் முறை வந்ததும் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, பவுடர விட்டீங்களா?"

"வுட்டுட்டனுங்க. சோப்புக் கட்டிதான் வாங்கறமுங்க."

"அப்புறம் ஏன் குறையல?" என்றபடி காதில் குழாயை மாட்டிக்கொண்டு முதுகில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "வீட்டுல விறகு அடுப்பா? பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு இன்னும் போறீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தேய்க்கிற என்ற வார்த்தைதான் வரும். அதை நம்பி இனிமேல் பிரயோஜனம் இல்லை. பையில் இருந்து பலகையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். கட்டையை எடுத்து ஓரத்தில் வைத்து அழுத்தி இழுத்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தூள் எழுந்து மேசைக்கு மேலே பரவியது.

"ஏம்மா! ஏம்மா! நிறுத்துங்க!" டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார். ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார், ஜன்னலைத் திறந்தார். "என்ன பொருள் இது? கண்ணாடியா? மூடின ரூமுக்குள்ள வெச்சு இதப் போய் யாராவது பண்ணுவாங்களா? உள்ள போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

கோகிலவாணி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, நடுவில் ஒரு முறை நிறுத்திச் சொன்னாள்.

"ஒரு இழுப்புதாங்க இழுத்தா. அதுக்கே... நீங்க எந்திரிச்சிட்டீங்க. இதாங்க சார் நான் தேய்க்கற வேலை."